அகச்சிவப்புப் படம்: பிலிம் நின்ற இடமும் சென்சார் நின்ற இடமும்

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பதிக்கும் பிலிம் என்று விற்கப்படுபவை எல்லாம் ஒரே அலைநீளம் வரை பார்ப்பதில்லை. இல்ஃபோர்டு எஸ்எஃப்எக்ஸ் 200 பிலிமின் உணர்திறன் 740 நானோமீட்டரை ஒட்டி அடங்கிவிடும். 900 வரை எட்டிய கோடாக் எச்ஐஇ 2007-இல் நிறுத்தப்பட்டது. நான் தேர்ந்தெடுத்தது ரோலை இன்ஃப்ராரெட் 400. அதன் எல்லை ஏறத்தாழ 820.

இந்த பிலிமின் அடித்தளம் தெளிவானது. டப்பாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி வழியாகவே வெளிச்சம் உள்ளே ஊடுருவும் என்பதால் இருட்டில்தான் ஏற்றினேன். சுமார் 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடும் 720 பில்டர் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். அதனால் டிரைபாடில் வைத்து, சட்டகம் அமைத்து, ஃபோகஸைப் பழைய லென்ஸில் அகச்சிவப்புக்கென உள்ள சிவப்புக் குறிக்கு நகர்த்திய பிறகே பில்டரை மாட்டினேன். பிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் 400 என்ற வேகம் இந்த பில்டருடன் பத்துக்கு அருகே சரிந்துவிடுகிறது. நல்ல வெயிலிலும் ஒரு நொடி அளவுக்குத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. இலைகள் வெண்மையாக, வானம் கறுப்பாக வந்த அந்த நெகட்டிவ்கள் இன்றும் எனக்குப் பிரியமானவை.

அதே பிலிமில் 850 பில்டரையும் சோதித்தேன். நெகட்டிவில் எதுவும் பதியவில்லை. பிலிமில் உள்ள வெள்ளி உப்புக்குத் தானாகத் தெரிவது நீலமும் புற ஊதாவும்தான். அதைவிட நீண்ட அலைநீளங்களில் பிலிமில் சேர்க்கும் சாயங்கள்தான் ஒளியைப் பிடித்துக் கொடுக்கின்றன. அலைநீளம் கூடக் கூட அந்தச் சாயங்கள் நிலைப்புத்தன்மையை இழக்கின்றன, பிலிமும் சீக்கிரம் கெடுகிறது. வானியலாளர்கள் பயன்படுத்திய சிறப்புத் தகடுகள் 1000-ஐத் தாண்டின. ஆனால் அவற்றின் உணர்திறனைக் கூட்ட அம்மோனியாவில் நனைக்க வேண்டியிருந்தது.

டிஜிட்டல் கேமராவின் கதை வேறு. சிலிக்கான் சுமார் 1100 வரை உணரும். அதற்கு மேல் ஒளித்துகளுக்கு எலக்ட்ரானை விடுவிக்கும் ஆற்றல் போதாது. ஆனால் நிறங்கள் கெடாமல் இருக்க, சென்சாருக்கு முன்னே அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியை வைத்துவிடுகிறார்கள். பழைய கேமரா ஒன்றில் அதை ஒரு தொழில்நுட்பரிடம் கொடுத்து அகற்றச் செய்தேன். இதை வீட்டில் முயல வேண்டாம். ஃபிளாஷுக்கான மின்தேக்கி கடுமையாகத் தாக்கும்.

அதன்பின் 850 பில்டருடன் கையில் பிடித்தே எடுக்க முடிந்தது. அந்த அலைநீளப் பகுதியில், நிறம் பிரிக்க சென்சாரின் மேல் உள்ள மூன்று நிறச் சாயங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஒளியை விடுவதால் படம் கறுப்பு வெள்ளையாகவே வருகிறது.

உடல் வெப்பம் தெரியுமா என்று பலர் கேட்கிறார்கள். தெரியாது. அது 9,000 நானோமீட்டருக்கு மேல் உச்சம் கொள்ளும் கதிர். அதற்கு வெப்பக் கேமராவே வேண்டும்.