கம்பிதான் என்று தெரிந்த பிறகும்

ஸ்கேனரில் பி0335 என்ற கோளாறு கோட் வந்தால், மலேசியாவில் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் பாதிப் பட்டறைப் போமன்கள் நேராக ஸ்பேர்பார்ட் கடைக்குப் போன் போட்டுவிடுவார்கள். கிராங்க் சென்சர், இஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது. சூடு ஏறினால் இஞ்சின் செத்துப்போகிறது, ஆறவிட்டால் எழும்புகிறது என்று டிரைவரும் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். அதில் தப்பும் இல்லை. சென்சருக்குள் இருக்கும் மெல்லிய காயில் சூட்டில் விட்டுப்போய், ஆறியதும் சேர்ந்துகொள்வது பழைய வியாதி. ஆனால் அந்தக் கோட் சொல்வது சர்க்கியூட்டில் கோளாறு என்று மட்டும்தான். சென்சர், பிளக், ஒயர், கம்ப்யூட்டர் எல்லாம் அதில் அடக்கம். இந்தப் பாடத்தைப் பலருக்கு எடுத்திருக்கிறேன். செம்பனைப் பழ லோரி ஓட்டும் ஓர் அண்ணனுக்கும் எடுத்தேன்.

அவர் வரும்போதே கையில் புது சென்சர் டப்பா. பின்னால் லோடு நிறைய செம்பனைக் குலை, முதல் நாள் வெட்டியது.

“இதை மாட்டி விட்டுடு தம்பி, கெளம்பணும்.”

“பாத்துட்டு மாட்டுறேண்ணே. அரை மணி நேரம்.”

சொன்னது மத்தியானம். முடித்தபோது பட்டறையில் விளக்குப் போட்டாயிற்று.

காரில் இந்த சென்சர் முன்னால் புல்லி பக்கமோ, கியர்பாக்ஸ் சேரும் இடத்திலோ இருக்கும். இந்த லோரியில் ஃபிளைவீல் மூடிக்கு மேலே; கை போகும், கண் போகாது. தோட்டத்து மண்ணும் கிரீஸும் இறுகி அதை மூடியிருந்தன. இரண்டு ஒயர் சென்சர். பிளக்கைக் கழற்றி அளந்தேன், 900 ஓம் கிட்டக் காட்டியது. ஹாட் கன்னால் சூடேற்றினேன்; கொஞ்சம் ஏறியதே தவிர விட்டுப்போகவில்லை. அப்புறம் கம்ப்யூட்டர் பக்கத்துப் பிளக்கில் மீட்டரை வைத்துக்கொண்டு பையனை ஒயர்க்கட்டை ஆட்டச் சொன்னேன். ஓர் இடத்தில் எண் மறைந்து, திரும்பி வந்தது.

எலி என்றுதான் நினைத்தேன். செம்பனைக்குள் நிற்கிற வண்டிக்கு முதல் சந்தேகம் எலிமேல்தான். அதற்காகவே தோட்டங்களில் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். எலி இல்லை. பிராக்கெட் உரசித் தோல் போய், உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. வெட்டி, ஈயம் வைத்து, தள்ளிக் கட்டினேன். சென்சர் டப்பா பிரிக்காமலே கிடந்தது. கடையில் எலக்ட்ரிக் சாமானைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

120 வெள்ளி கேட்டேன். பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “புதுசை மாட்டியிருந்தா ஓடியிருக்காதா தம்பி?” என்றார்.

“ஓடியிருக்கும்ணே. ஆனா மறுபடி நின்னிருக்கும்.”

“எப்போ?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏறிக் கிளம்பிவிட்டார்.

சென்சரை மாற்றும்போது பிளக்கைப் பிடித்து இழுப்போம், ஒயர்க்கட்டு நகரும், விட்ட இழை தொட்டுக்கொள்ளும். ஒரு வாரம் ஓடியிருக்கலாம். சென்சர் மாற்றியதால் சரியானது என்று பட்டறைகள் வாங்குகிற நல்ல பெயரில் பாதி இப்படி வந்ததுதான். அவருக்கு ஒரு வாரம்கூட வேண்டியதில்லை, ஆலை வாசல் வரை போதும். குலை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். அடிபட்ட பழத்தில் தனிக் கொழுப்பமிலம் ஏறிக்கொண்டே போகும். கச்சா எண்ணெயில் அது 5 சதவீதத்தைத் தாண்டினால் விலை அடிபடும், அதனால் ஆலைக்காரன் வாசலிலேயே கழிப்பான். அந்த லோடுக்கு என்ன ஆனதென்று நான் விசாரிக்கவில்லை.

எனக்கும் பதில் இருக்கிறது. முழு லோடோடு இறக்கத்தில் இஞ்சின் நின்றால் ஸ்டீரிங் கல்லாகிவிடும், காற்று பிரேக்குக்குக் கம்ப்ரசரும் ஓடாது. தெரிந்தே அனுப்பினால் யார் பொறுப்பு? பலமான பதில்தான், சொல்கிற இடத்திலெல்லாம் தலையாட்டுகிறார்கள். ஆனால் அன்றைக்கு லோரிக்கு அடியில் படுத்திருந்தபோது பிரேக் நினைப்பு எனக்கு வரவே இல்லை. சென்சரா கம்பியா என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

புதுசை மாட்டி, லோடை இறக்கிவிட்டு வாங்கண்ணே, ஒயரைப் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கலாம் என்கிறான் பையன். ஓடுகிற வண்டியை யார் பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுவருவார்கள்? அவர் வந்திருப்பாரோ என்னவோ. அதற்குப் பிறகு அந்த லோரி எங்கள் பக்கம் வரவில்லை. கம்பி நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்போது பழ லோரி வந்தால் ஸ்கேனரைச் சொருகுமுன் ஆலை எத்தனை மணி வரைக்கும் என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு, மீட்டரைத்தான் எடுக்கிறேன்.