நன்றாக வந்தது

“நன்றாக வந்ததா அண்ணா?” என்று கேட்டாள். “நன்றாக வந்தது” என்றேன். மூன்று வருடமாகிறது. இன்னும் அந்த இரண்டு வார்த்தை தொண்டையில் நிற்கிறது.

சனிக்கிழமை மாலை நேரலை. அவளுக்குப் பதினேழு வயது. எங்கள் இணைய வானொலியில் குடியிருப்பைப் பற்றிய அரை மணி நேரம் அவளுடையது. அன்றைக்குப் பேச வேண்டியது பள்ளி நேரத்துப் பஸ்ஸைப் பற்றி. பாதியில் பேச்சு தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. மோட்டார் போடுகிறவர் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார், கொடுக்காதவர்களின் பிளாக்குக்குக் கடைசியில்தான் தண்ணீர் ஏறுகிறது என்றாள். அதுவரை நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த மூச்சில் அவர் பெயரைச் சொன்னாள். என் வலது கை, மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இழுத்தது, இடது கை பாட்டை ஓடவிட்டது.

ஒலிகளைக் கலந்து அனுப்பும் எங்கள் மிக்ஸரில், ஹெட்போனுக்குப் போகும் மைக் ஒலி ஃபேடருக்கு முன்னாலேயே பிரிந்துவிடும். அதனால் அவள் குரல் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. தான் பேசுவது வெளியே போகவில்லை என்று தெரியாமலேயே நான்கு நிமிடம் பேசினாள். எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். நான் கையசைத்து நிறுத்தியிருக்கலாம். கண்ணாடித் தடுப்புகூட இல்லாத அறை. கை நீட்டினால் தோள் எட்டும். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முடித்து ஹெட்போனைக் கழற்றியபோது அவள் நெற்றி வியர்த்திருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் பதினெட்டு நிரம்பாத பெண். வீட்டுக்குப் போக அந்த மோட்டார் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கூவம் கரையிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்ட குடும்பம். அக்கம்பக்கத்தில் உறவு என்று யாருமில்லை. நேரலையில் சொன்னது காற்றோடு போய்விடும் என்கிற காலமும் இல்லை. யாராவது பதிவு செய்து ஒரு துண்டை வாட்ஸ்அப்பில் விட்டால் போதும். வேறு யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

இப்படி எழுதும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பெயர் போன பிறகுதான் ஃபேடர் இறங்கியது. அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்த 11 பேருக்கும் அந்த மனிதரின் பெயர் போய்ச் சேர்ந்தது. அதற்கு ஆதாரமான நோட்டுப் புத்தகம்தான் போகவில்லை. எங்கள் பதிவும் மிக்ஸரிலிருந்து வெளியேறும் ஒலியிலிருந்தே எடுக்கப்படுவதால், அந்த நான்கு நிமிடம் எங்கேயும் இல்லை. கேட்ட ஒரே ஆள் நான். யாரை எதிலிருந்து காப்பாற்றினேன்?

இன்னொன்றும் இருக்கிறது. அந்த 11 பேரில் எங்களுக்கு நிதி தருகிற அமைப்பிலிருந்து ஒருவர் இருந்தார். காலையிலேயே தகவல் சொல்லியிருந்தார்கள். ஃபேடரை இழுத்த கணத்தில் என் மனதில் முதலில் வந்தது மோட்டார் அறையா, அவரா? மோட்டார் அறைதான் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். சில இரவுகளில் அந்தப் பதில் செல்லுபடியாவதில்லை.

பயிற்சி வகுப்பில் நான் அடிக்கும் வசனம் ஒன்று உண்டு. சமுதாய வானொலிக்கு உரிமம் வேண்டும். மத்திய அரசின் 2006 கொள்கைக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களும் வாங்கலாம் என்றாலும் அமைச்சகம் அமைச்சகமாகக் காகிதத்தோடு அலைய வேண்டும். வந்த பிறகும் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். இணையத்தில் ஒலிபரப்பும் நமக்கு உரிமமும் வேண்டாம், ஐம்பது வாட் டிரான்ஸ்மிட்டரும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு சர்வர். நொடிக்கு 32 கிலோபிட்டில் அனுப்பினால் கேட்கிறவருக்கு மணிக்கு 14 எம்பி டேட்டாதான் செலவாகும். “உங்களைத் தடுக்க யாருமே இல்லை” என்று முடிப்பேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அவளும் தட்டியிருக்கிறாள்.

பிறகு விதி ஒன்று எழுதினேன். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நேரலை கிடையாது, முன்பதிவு மட்டும். விதி சரியானது, இன்றைக்கும் மாற்ற மாட்டேன். அது வந்த பிறகு நிகழ்ச்சிகள் சுத்தமாயின. திரைப்பாடல் புதிர், தேர்வுக் குறிப்புகள், பாட்டி வைத்தியம். கேட்பவர்கள் 40 பேரைத் தாண்டினார்கள். ‘இளைஞர்களின் பங்கேற்பு அதிகரித்துள்ளது’ என்று ஆண்டறிக்கையில் எழுதினேன், அது பொய்யும் இல்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

அந்த மோட்டார்காரர் அவளை ஒன்றும் செய்யவில்லை. அவர் வானொலி கேட்கிறவர் இல்லை.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அந்த வாரம் முழுக்க வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று முடிந்தது. அடுத்த சனிக்கிழமை வந்தாள். விதி எழுதுவதற்கு முந்தைய வாரம் அது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போல “வணக்கம் அண்ணா” என்றாள். உட்கார்ந்ததும் தன் செல்போனை எடுத்து அம்மாவுக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்குச் சற்றுத் தள்ளி வைத்தாள். அம்மா வீட்டில் தம்பியின் போனில் எங்கள் வானொலியைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போன வாரமும் திறந்து வைத்திருந்திருப்பார். நடுவில் பாட்டு வந்ததைக் கேட்டிருப்பார்.

நான் ஃபேடரை ஏற்றினேன். “எல்லோருக்கும் வணக்கம்” என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

அறையில் பேசுவது சர்வருக்குப் போய்க் கேட்பவரின் போனுக்கு வந்து சேர இருபது நொடி ஆகும். வானொலியில் இருபது நொடி மௌனம் என்பது பெரிய பிழை. அதையும் நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

“ம், கேட்கிறது. பேசு” என்றது போன்.