'நார்மல்' என்று நான் போட்ட கையெழுத்து

கருத்தரிப்பு மையத்து ஆய்வகத்தில் என் வேலை காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடும். முந்தைய நாள் விந்தணுவோடு சேர்த்துவைத்த கருமுட்டைகளை 16 முதல் 18 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். முட்டைக்குள் இரண்டு சின்ன வட்டங்கள் தெரிந்தால் கருவாகிவிட்டது. எங்கள் பேச்சில் 'டூ பிஎன்'. தாமதமாகப் போனால் அவை மறைந்துவிடும்.

சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு தம்பதியின் 11 முட்டைகளில் ஒன்றில்கூட அந்த வட்டங்கள் இல்லை. கணவரின் மாதிரியில் ஒரு மில்லிலிட்டருக்கு 7 கோடி விந்தணுக்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு சொல்லும் கீழ் எல்லையே 1.6 கோடிதான். ஓட்டமும் அருமை. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

டிஷ்ஷை மறுபடி மறுபடி பார்த்தேன். இரண்டு முட்டைகளில், வெளி உறையைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்த விந்தணுக்கள், உறைக்கும் முட்டைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் துடித்துக்கொண்டிருந்தன. அவ்வளவு தூரம் வந்தும் முட்டையோடு ஒட்டவில்லை.

அன்று மாலை என் சீனியர் அக்கா ஒசாகா பல்கலைக்கழகத்தில் 2005இல் நடந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். எலியின் விந்தணுவிலிருந்து ஒரேயொரு புரதத்தை நீக்கிப் பார்த்தார்கள். அந்த விந்தணு நன்றாக நீந்தியது, உறையையும் கடந்தது, ஆனால் முட்டையோடு இணையவில்லை. ஜப்பானில் திருமணப் பேறுக்காகக் கும்பிடும் இஸுமோ கோயிலின் பெயரையே அந்தப் புரதத்துக்கு வைத்தார்கள். முட்டையின் பக்கம் அதைப் பிடித்துக்கொள்ளும் ஜோடிப் புரதம் 2014இல்தான் கிடைத்தது. பெயர் ஜூனோ, ரோமானியரின் திருமண தேவதை. ஒரு விந்தணு நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே முட்டை தன் மேலிருக்கும் ஜூனோவை உதிர்த்துவிடுகிறது. அடுத்தது வந்து ஒட்டாமல் இருக்க இதுவும் ஒரு வழி.

எம்எஸ்சி பரீட்சையில் நான் எழுதியது வேறு. விந்தணுத் தலையிலிருக்கும் அக்ரோசின் என்ற நொதிதான் உறையை அரித்து வழி செய்கிறது என்று இரண்டு பக்கம் எழுதி மார்க்கும் வாங்கினேன். அக்ரோசின் இல்லாத எலிகளும் குட்டி போடுகின்றன என்று 1994இலேயே காட்டிவிட்டார்கள். சரி, அப்போ அக்ரோசின் வேண்டாமா என்றால், ஹாம்ஸ்டருக்கு அது இல்லாமல் ஆகாது என்று 2020இல் தெரிந்தது. எலியைப் பார்த்து மனிதருக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதனாலேயே அந்தக் கணவருக்கு இஸுமோ குறை என்றும் சொல்ல மாட்டேன். முட்டையின் பக்கமும் இருக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் அதைச் சோதிக்க வழியில்லை.

ஆனால் சுற்றிப்போக வழி உண்டு. அடுத்த சுற்றில் இக்ஸி செய்தோம். ஒரு விந்தணுவின் வாலைத் தட்டி அசைவை நிறுத்தி, ஊசியால் நேரே முட்டைக்குள் வைத்துவிட்டால் ஒட்டுவதும் இணைவதும் தேவையே இல்லை. ஒசாகாவிலும் இஸுமோ இல்லாத அந்த எலி விந்தணுவை இப்படிச் செலுத்தியபோது கரு வளர்ந்தது. எங்களுக்கு 9 முட்டைகளில் 7இல் டூ பிஎன்.

ஊசியால் தாண்ட முடியாத புரதமும் உண்டு. பிஎல்சி ஸீட்டா என்று 2002இல் கார்டிஃபில் கண்டுபிடித்தார்கள். விந்தணு கொண்டுவரும் இந்தப் புரதம்தான் முட்டைக்குள் கால்சியத்தை அலையலையாக எழுப்பி அதைத் தட்டியெழுப்புகிறது. தலை உருண்டையாக இருக்கும் விந்தணுக்களில் பெரும்பாலும் இது இருக்காது. முட்டைக்குள்ளேயே வைத்தாலும் முட்டை அப்படியே கிடக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு, கால்சியத்தை முட்டைக்குள் புகவிடும் கால்சியம் அயனோஃபோர் என்ற பொருள் கலந்த திரவத்தில் முட்டையைச் சில நிமிடங்கள் வைத்து எடுக்கிறோம். எனக்கு இது கொஞ்சம் முரட்டு வைத்தியமாகவே படுகிறது. வேறு வழி இல்லாதபோது மட்டும்.

முதல் சுற்று தோற்ற அன்று அந்தப் பெண்ணின் மாமியார் என்னிடம் வந்தார். "ஏம்மா, பையன் ரிப்போர்ட்டுதான் நார்மல்னு இருக்கே. அப்போ குறை இவகிட்டதானே?" மருமகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். காகிதத்தில் இருந்தது என் கையெழுத்து.

"அது எண்ணிக்கை, ஓட்டம், வடிவம், இந்த மூணைத்தான் சொல்லுதும்மா" என்றேன். அவர் நம்பியதுபோலத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் 'நார்மல்' என்ற சொல்லுக்குக் கீழே அந்த மூன்றையும் பேனாவால் எழுதி, 'மட்டும்' என்று சேர்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.