ஏழாம் நாள் குட்டியில் இருக்கக் கூடாத புரதப் பேண்ட்

பிஎச்டி சேர்ந்த புதிதில் மேடம் கொடுத்த வேலை பார்க்க ரொம்பச் சின்னது. எலியின் கார்டெக்ஸில் (மூளையின் மேலடுக்கு) என்எம்டிஏ ரிசப்டரின் இரண்டு துணை அலகுகள், குளூஎன்2ஏ, குளூஎன்2பி, வயது ஏற ஏற எப்படி மாறுகின்றன என்று ஒரு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, வேண்டியதை அதில் ஒட்டும் ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கும் சோதனை) போட்டுக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். 1990களிலேயே பல லேப்களில் பார்த்து முடித்த விஷயம். "கை பழகட்டும்" என்றார். கை பழக எனக்கு நான்கு மாதம் ஆனது.

மூளைச் செல்கள் தமக்குள் சேதி அனுப்பும் குளூட்டமேட்டைப் பிடிக்கும் இந்த ரிசப்டர் நான்கு துண்டுகள் சேர்ந்தது. பெரும்பாலும் இரண்டு இடம் குளூஎன்1-க்கு, மீதி இரண்டு இடத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. குட்டி பிறப்பதற்கு முன்பிருந்தே 2பி மூளையில் இருக்கிறது, 2ஏ பிறந்த பிறகு முதல் சில வாரங்களில்தான் ஏறுகிறது. 2பி உள்ள ரிசப்டரின் வாசல் திறந்தால் மூட நேரம் எடுக்கும், 2ஏ உள்ளது சட்டென்று மூடிக்கொள்ளும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, குட்டிகளை இருட்டிலேயே வளர்த்தால் விஷுவல் கார்டெக்ஸில் (பார்வைக்கான பகுதி) இந்த மாற்றம் தள்ளிப்போகிறது, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த சில மணி நேரத்திலேயே 2ஏ ஏறத் தொடங்கிவிடுகிறது என்பது. கண் பார்ப்பதற்கும் புரதம் மாறுவதற்கும் நடுவில் அவ்வளவு குறைந்த நேரம்தான்!

சரி, வேலைக்கு வருகிறேன். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்ததும் 7, 14, 21, 60 நாள் எலிகளில் சாம்பிள் எடுத்தேன். ஏழாம் நாள் மூளை கெட்டித் தயிர் மாதிரி இருக்கும், ஃபோர்செப்ஸ் கொஞ்சம் அழுந்தினாலே குழைந்துவிடும், அதனால் முதல் இரண்டு குட்டிகள் வீண். அப்புறம் ஜெல். இரண்டு புரதமும் 170, 180 கிலோடால்டன் அளவில் இருப்பவை, நான் வழக்கமான 10 சதவீத ஜெல்லில் ஓட்டிவிட்டு மேலேயே குந்திக்கொண்டிருந்த கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 7 சதவீதத்துக்கு மாறி, புரதத்தை ஜெல்லிலிருந்து மெம்பரேன் என்ற தாளுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபரைக் குளிரறையில் 30 வோல்ட்டில் இரவு முழுக்க விட்ட பிறகுதான் ஒழுங்கான பேண்ட், அதாவது புரதம் நிற்கும் இடத்தைக் காட்டும் பட்டை, வந்தது.

வந்த பிறகுதான் வினையே. 2பி முதலில் பார்த்தேன், அழகாக இருந்தது. அதே மெம்பரேனை ஸ்ட்ரிப் செய்து (பழைய ஆன்டிபாடியைக் கழுவி எடுத்து) 2ஏ ஆன்டிபாடி போட்டேன். ஏழாம் நாளில் வெறும் நிழலாகத் தெரிய வேண்டிய பேண்ட், அறுபதாம் நாளுக்குச் சமமாகக் கறுப்பாக நிற்கிறது. மறுபடி செய்தேன், அப்படியே வந்தது. மூன்றாவது முறையும் வந்ததும், எங்கள் எலிகளுக்கு 2ஏ சீக்கிரமே வந்துவிடுகிறது போல என்று ஒரு விளக்கத்தையே தயார் செய்து, லேப் மீட்டிங்குக்கு ஸ்லைடும் போட்டு வைத்துவிட்டேன் (அந்த ஸ்லைடை இன்னும் அழிக்கவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது).

மீட்டிங்குக்கு முந்தின நாள் சீனியர் அக்கா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டு ஆன்டிபாடியும் எதுல எடுத்தது?" இரண்டுமே முயல். "ஸ்ட்ரிப் பண்ணதும் வெறும் செகண்டரி மட்டும் போட்டுப் பார்த்தியா?" இல்லை. (செகண்டரி என்பது முதல் ஆன்டிபாடியின் மேல் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் இரண்டாவது ஆன்டிபாடி.) அன்று மாலையே, ஸ்ட்ரிப் செய்த மெம்பரேனில் முதல் ஆன்டிபாடி எதுவும் போடாமல், முயல் ஆன்டிபாடியில் ஒட்டும் செகண்டரியை மட்டும் ஊற்றி, அதை ஒளிரவைக்கும் ஈசிஎல் கரைசல் போட்டோம். எதுவும் தெரியக் கூடாது. ஆனால் நான்கு லேனிலும் (வயதுக்கு ஒரு பாதை) அதே உயரத்தில் பேண்ட் வரிசையாக எழுந்து வந்தது. போகாமல் ஒட்டியிருந்த பழைய 2பி ஆன்டிபாடிதான் அது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எடை, இரண்டும் முயலில் எடுத்தவை, ஏழாம் நாளில் 2பி ஏராளம், அப்புறம் அது 2ஏ வேஷம் போடாமல் என்ன செய்யும்? புரதம் போய்விடுமோ என்று பயந்து மென்மையான கிளைசின் கரைசலிலேயே கழுவிக்கொண்டிருந்தேன். மெர்காப்டோஎத்தனால் கலந்த கடுமையான கரைசலில், 50 டிகிரியில் கழுவியபோது லேப் முழுக்க அழுகிய முட்டை நாற்றம், பக்கத்து அறைக்காரர்கள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகும் லேசாக மிச்சம் இருந்தது.

கடைசியில் ஸ்ட்ரிப்பிங்கையே விட்டுவிட்டேன். ஒரே சாம்பிளை இரண்டு ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, ஒன்றுக்கு 2ஏ, ஒன்றுக்கு 2பி. ஆன்டிபாடி செலவு கூடுதல்தான், ஆனால் ஏழாம் நாள் லேனில் 2ஏ உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது, பதினான்கில் எழும்புகிறது, இருபத்தொன்றில் நன்றாக நிற்கிறது. எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் லோடிங் கன்ட்ரோலிலும் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது, அதற்கு வழக்கமாகப் பார்க்கும் பீட்டா ஆக்டின் என்ற புரதமும் வளரும் மூளையில் மாறுவதால் அதை நம்பி அளவிட முடியவில்லை. பான்சோ சாயத்தில் மொத்தப் புரதத்தைப் பார்த்துச் சரிசெய்துகொண்டேன்.

மேடம் படத்தைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி இன்னும் இரண்டு ஈற்றுக் குட்டிகளில் காட்டு என்றார். அந்தப் பொய்ப் பேண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்ததிலேயே ஏழாம் நாள் சாம்பிள் முழுவதும் தீர்ந்துபோயிருந்தது. விலங்குக் கூடத்தில் ஒரு தாய் எலி சினையாக இருக்கிறது, அடுத்த வாரம் ஈனும் என்கிறார்கள்.