கூடை கூடையாக ஒரு மேடு

குவாத்தமாலா நகரத்தின் நடுவே, அடுக்குமாடிகளுக்கும் கடைவளாகங்களுக்கும் இடையில் புல் மூடிய மண்மேடுகள் சில மிஞ்சியிருக்கின்றன. காமினல்ஹூயூ என்ற பழைய மாயா நகரத்தின் மிச்சம் அவை. கிச்சே என்ற மாயா மொழியில் அந்தப் பெயருக்கு ‘இறந்தோரின் குன்றுகள்’ என்று பொருள். ஒரு காலத்தில் இங்கே ஏறத்தாழ 200 மேடுகள் இருந்தன. பெரும்பாலானவை நகரம் வளர வளரப் போய்விட்டன. 1935இல் ஒரு கால்பந்து சங்கத்தார் மைதானத்தை நீட்டுவதற்காக இரண்டு சிறு மேடுகளின் ஓரத்தை வெட்டினார்கள். உள்ளே கட்டடம் புதைந்திருந்தது. பிறகு நடந்த அகழாய்வில் கிடைத்த கல்லறைகளில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, மெக்சிகோவின் பச்சூகாவிலிருந்து வந்த பச்சை எரிமலைக் கண்ணாடியும் இருந்தது.

அந்த ஊரில் ஒரு பருவம் முழுக்க நான் குழியில் வேலை பார்த்தேன்.

மாயா என்றதும் கல் பிரமிடுதான் என் மனதில் இருந்தது. இங்கே கட்டுமானத்துக்கு நல்ல கல் கிடையாது, எல்லாம் களிமண். முதல் வாரம் குழியின் சுவரைக் கரணையால் சீவிச் சீவிப் பார்த்தும் எனக்கு ஒரே பழுப்புதான் தெரிந்தது. பல ஆண்டுகள் அகழாய்விலேயே வேலை செய்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “கொஞ்சம் பொறுங்க, சென்யோ” என்று, அங்கே பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லால் அழைத்து, தெளிப்பானால் சுவரை நனைத்தார்.

நனைந்ததும் சுவர் பேச ஆரம்பித்தது. கறுப்பு, மஞ்சள், செம்பழுப்பு என்று திட்டுத் திட்டாக, ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. ஒவ்வொரு திட்டும் ஒரு கூடை மண். கறுப்பு, நீர் தேங்கிய இடத்துச் சேறு. மஞ்சள், இறுகிய எரிமலைச் சாம்பல். அந்த ஊரார் அதை ‘தல்பெத்தாத்தே’ என்பார்கள். ஒரு திட்டின் மேல் கை வைத்து அளந்தேன். இரண்டு சாண், கொஞ்சம் கூட. வண்டியில்லாத, பாரம் இழுக்க மாடும் குதிரையும் இல்லாத உலகம் அது. நெற்றியில் பட்டை மாட்டி யாரோ ஒருவர் முதுகில் சுமந்து வந்து, இந்த இடத்தில் குனிந்து கொட்டியிருக்கிறார். 2,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆள் நடந்த ஒரு நடை என் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது. அன்று மாலைவரை அந்தச் சுவரை விட்டு நகர மனம் வரவில்லை.

அந்த மண்ணோடு பானை ஓடுகளும் சேர்ந்தே வந்திருக்கின்றன. பழைய குடியிருப்புக் குப்பையை அள்ளித்தான் மேட்டை உயர்த்தினார்கள். ஆகவே ஓட்டின் வயதும் மேட்டின் வயதும் ஒன்றல்ல. ஓடு எந்தத் தளத்துக்குக் கீழே, எந்தத் தளத்துக்கு மேலே கிடந்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தும் தவறு செய்தேன். ஓடு கழுவும் நாள். இரண்டு பைகளின் ஓடுகளைக் கழுவி, வலைத்தட்டுகளில் காயப் போட்டேன். எந்த ஓடு எங்கே கிடைத்தது என்று எழுதிய சீட்டுகளின் மேல் பாரம் வைக்கவில்லை. காற்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. மற்றொன்று இரண்டு தட்டுக்கும் நடுவில் கிடந்தது. நாற்பது சொச்சம் ஓடுகள். அவற்றில் அந்தப் பருவத்திலேயே அழகான, உசுலுத்தான் என்ற பானை வகையின் ஓடும் ஒன்று: ஆரஞ்சு நிறத்தில், சீப்பால் இழுத்ததுபோல் வெளிறிய அலைக்கோடுகள் இணையிணையாக ஓடும். களிமண் தளத்துக்குக் கீழே கிடந்ததா, மேலேயா? என்னால் சொல்ல முடியவில்லை. மேற்பார்வையாளர் கோபப்படவில்லை. புதுச் சீட்டில் ‘இடம் தெரியாது’ என்று எழுதிப் பையைக் கட்டினார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அந்த ஓடு உடைந்தபோதும், குப்பையில் விழுந்தபோதும், மேட்டுக்குள் புதைந்தபோதும் இழக்காத ஒன்றை என் கையில் இழந்துவிட்டது.

அதற்குப் பிறகு சீட்டைப் பென்சிலால் இரண்டு பிரதி எழுதி, ஒன்றைப் பைக்குள்ளும் ஒன்றை வெளியிலும் கட்டாமல் நான் குழியை விட்டு ஏறியதில்லை.

கடைசி நாள் குழியை மூடினோம். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, பின்னால் தோண்டுகிறவர்களுக்கு அடையாளமாக அந்த ஆண்டு அச்சிட்ட நாணயம் ஒன்றையும் வைத்தோம். பெரியவர் முதல் வாளி மண்ணை என்னிடம் நீட்டினார். நனைந்த சுவரில் பார்த்த அதே மாதிரி, குனிந்து கொட்டினேன்.