யாருடைய புள்ளி?

ஜூலை 13, 2024, சனி. கான்பரா

இன்று தமிழ் வகுப்பில் ஒரு தப்பு செய்துவிட்டேன். பூர்வகுடிகளின் பண்பாட்டைக் கொண்டாடும் நைடாக் வாரமாயிற்றே என்று, பிள்ளைகளுக்குக் கறுப்பு அட்டையும் பஞ்சு சுற்றிய குச்சியும் கொடுத்து, இங்குள்ள பூர்வகுடிகள் மாதிரி புள்ளி ஓவியம் வரையச் சொன்னேன். ஆமை, கங்காரு, பல்லி என்று எல்லாரும் அழகாகத்தான் வரைந்தார்கள். மண்டபத்தைப் பூட்ட வரும் அம்மா விராஜுரி என்ற பூர்வகுடி இனத்தவர். சுவரோரம் காயவைத்திருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். "நல்லா இருக்கே. இது யாரோட கதை?" என்று கேட்டார். குரலில் கோபம் துளியும் இல்லை. சும்மா புள்ளிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

தூக்கம் பிடிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, புள்ளி ஓவியம் பலகைக்கு வந்த பப்புன்யாவைப் பற்றி மறுபடி படித்தேன்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டர். பல இனத்தாரையும் அரசு கொண்டுவந்து குடிவைத்த ஊர் அது. 1971இல் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியரின் ஊக்கத்தில், ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கதையைத் தீட்டினார்கள். முதலில் எறும்புகள் பாடப்புத்தகத்து எறும்பு போல வந்தன. இது உங்கள் எறும்புதானா என்று பார்டன் கேட்டதும், அவற்றை விட்டுவிட்டுத் தங்கள் பாட்டன் முப்பாட்டன் குறிகளில் வரைந்தார்கள். அடுத்த ஆண்டே ஓவியர்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு நிறுவனம் தொடங்கிவிட்டார்கள். 1974இல் அந்தச் சுவரின் மேல் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

அந்த ஓவியர்கள் தொடக்கத்தில் தீட்டிய பலகைகளில், சடங்குக்குரியவர் தவிர மற்றவர் பார்க்கக்கூடாத சில குறிகளும் வெளியே வந்துவிட்டன. அக்கம்பக்கத்து இனத்துப் பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். புள்ளிக்குச் சடங்கில் முன்பே இடமுண்டு. ஆனால் பலகை முழுக்க அது பரவியதற்கு, காட்டக்கூடாததை மூட வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

நமக்குப் புள்ளி என்றால் கோலம். அம்மா வாசல் தெளித்துப் புள்ளி வைப்பாள், பிறகு இழை அதைச் சுற்றிவரும். வழிகாட்டத்தான் நம் புள்ளி. அங்கே கோடு முதலில், புள்ளி பிறகு, அதுவும் மூடுவதற்கு. நான் நேற்றுப் பிள்ளைகள் கையில் கொடுத்தது ஒரு திரையை. திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நினைத்தே பார்க்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

தேசியக் கலைக்கூடத்தில் அந்த 200 மரங்களுக்கு நடுவே நடந்தேன். வடக்கே ஆர்னம் நிலத்தின் ராமின்கினிங்கைச் சேர்ந்த 43 ஓவியர்கள் செய்தது. வெள்ளையர் குடியேறி 200 ஆண்டு என்று 1988இல் நாடு கொண்டாடியபோது, ஆண்டுக்கு ஒன்றாக இவற்றை நிறுத்தினார்கள். கறையான் உள்ளே அரித்த யூகலிப்டஸ் தண்டுகள். இறந்தவர் எலும்பை வைக்கும் பெட்டிகள் இவை. இந்த 200க்குள்ளும் எலும்பு கிடையாது. செத்தும் முறைப்படி அடக்கம் காணாத அத்தனை பேருக்குமாக நிற்கின்றன. நடுவில் போகும் பாதை அவர்கள் ஊர் ஆறு. எந்தக் குலத்தின் நிலம் ஆற்றின் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அவர்கள் மரம்.

ஒரு தண்டின் அருகே குனிந்து பார்த்தேன். காவியும் வெள்ளையும் கறுப்புமாய் மயிரிழைக் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக. மேலே ஒரு சிறு துளை. உயிர் தன் நிலத்தை எட்டிப் பார்ப்பதற்காம். அந்த உயரத்துக்கு எக்கி நின்றேன். அதிலிருந்து இப்போது தெரிவது எதிர்ச் சுவர்தான்.

இங்கே பல கூடங்களில், இறந்தவர்களின் பெயரும் படமும் உள்ளே இருக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். இறந்தவர் பெயரைச் சிறிது காலம் உச்சரிக்காதிருப்பது பல இனங்களில் வழக்கம். அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. நானும் இன்னும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு எந்த வழக்கமும் கிடையாது, முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நேற்று அலெக்சிஸ் ரைட்டுக்கு மைல்ஸ் ஃபிராங்க்ளின் என்ற ஆஸ்திரேலிய இலக்கிய விருது, இரண்டாவது முறையாக. 2007இல் 'கார்பென்டேரியா' நாவலுக்கு, இப்போது 'பிரெய்ஸ்வொர்த்தி' நாவலுக்கு. வான்யி என்ற பூர்வகுடி இனத்து எழுத்தாளர். இதே நாட்டில் பூர்வகுடிப் பெண் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது 1964இல்தான். பின்னாளில் ஊட்ஜரூ நூனுக்கல் என்று பெயர் சூடிக்கொண்டவர் அவர். அறுபதே ஆண்டில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்!

எல்லாம் ஆங்கிலத்தில்தான். பறித்த மொழியும் அதுவே, எழுதும் மொழியும் அதுவே. நம் நாட்டுக் கணக்கு வேறு. கேரளத்து மலை அரையர் பழங்குடியைச் சேர்ந்த நாராயண் 1998இல் 'கொச்சரேத்தி' நாவலை மலையாளத்தில் எழுதினார். வெளியாட்கள் தங்கள் மக்களைத் தப்பாகக் காட்டுவது பொறுக்காமல் எழுதியது. சந்தால் பழங்குடியின் மொழியான சந்தாலிக்கு 1925இலேயே ரகுநாத் முர்மு ஓல் சிக்கி எழுத்தை உருவாக்கினார். 2003இல் அந்த மொழி அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணைக்குள் வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் 29 லட்சத்துக்கு மேற்பட்டோர் தாய்மொழி என்று சொன்ன கோண்டு பழங்குடியின் கோண்டி மொழி இன்னும் வெளியேதான் நிற்கிறது.

காலனி மொழி என்றால் நமக்கு ஆங்கிலம் மட்டும்தான் கண்ணில் படுகிறது. நீலகிரியில் பள்ளிக்குப் போகும் பணியர் வீட்டுப் பிள்ளைக்கும் இருளர் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த இடத்தில் நிற்பது தமிழ். வாரம் தவறாமல் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நான் இதை எழுதியே ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

1994 கம்பள வழக்கு. பூர்வகுடி ஓவியங்களை அனுமதியின்றி வியட்நாமில் கம்பளமாக நெய்து இங்கே விற்றார்கள். தன் குலத்துப் புனிதக் கதையை யார் வேண்டுமானாலும் மிதித்து நடப்பதா என்பது அந்த ஓவியர்களில் ஒருவரான பண்டுக் மரிக்காவின் வேதனை. அவர் வரைந்ததுதான், ஆனால் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. காக்கத் தவறினால் குலத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நீதிமன்றம் இழப்பீடு கணக்கிட்டபோது இந்தப் பண்பாட்டுக் காயத்தையும் சேர்த்துக்கொண்டது. இறந்துபோன ஓவியர்களை வழக்கு நெடுக இயற்பெயரால் குறிப்பிடவில்லை.

நம் பக்கம் மகாராஷ்டிரப் பழங்குடிகளின் வார்லி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது ஊரைக் காக்கும், ஆளைக் காக்குமா? ஓவியம் மறுவிற்பனையாகும்போது ஓவியருக்குப் பங்கு என்று நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவும் சொல்கிறது. ஆனாலும் பெயர்கூடப் போடாமல் வார்லி உருவங்கள் தலையணை உறைகளில் ஆடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டுத் தலையணையிலும்தான்.

டிசம்பர் 11, புதன். போபால்

கோண்டு ஓவியர் ஜன்கட் சிங் ஷ்யாமைப் பற்றித் தேடித்தான் இந்த விடுமுறை. பாடன்கட் என்ற ஊரில் மண்சுவரில் வரைந்துகொண்டிருந்த பர்தான் இனத்து இளைஞரான அவரை, பாரத் பவன் என்ற கலை மையத்துக்காக ஓவியர் ஜே. சுவாமிநாதன் போபாலுக்கு அழைத்துவந்தார். பப்புன்யாவில் ஒரு ஆசிரியர், இங்கே ஒரு ஓவியர். இரண்டு இடத்திலும் சுவரிலிருந்து காகிதத்துக்கு ஒரு வெளியாள் கைபிடித்து இழுத்திருக்கிறார். அதற்கு நன்றி சொல்வதா வருந்துவதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. 1989இல் பாரிஸில் நடந்த 'மழிசியான் த லா தேர்' கண்காட்சியில் ஜன்கட்டின் ஓவியமும் இருந்தது, ஆஸ்திரேலியாவின் யுவெண்டுமு ஊர்ப் பூர்வகுடிகள் தரையில் மண்ணால் தீட்டிய ஓவியமும் இருந்தது. 2001இல், ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்கு வரையப் போன இடத்தில், ஜன்கட் உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்பதைத் தொடாத வயது.

இங்கும் புள்ளிதான். மானின் உடம்பு முழுக்கப் புள்ளியும் சிறு கோடுமாக நிரப்பியிருக்கிறார்கள். ஆனால் இது மூடும் புள்ளி இல்லை. ஒவ்வொரு ஓவியருக்கும் ஒரு நிரப்பு முறை, அதைப் பார்த்தே இது இன்னார் கை என்று சொல்லிவிடலாம்.

டிசம்பர் 14, சனி. பாடன்கட்

பர்தான்கள் கோண்டு மக்களின் பாணர்கள். பானா என்ற நரம்புக் கருவியை மீட்டி, கோண்டுகளின் பெருந்தெய்வமான படாதேவரை எழுப்பி, கோண்டு குடும்பங்களின் முன்னோர் கதையைப் பாடி, தானியம் பெற்று வாழ்ந்தவர்கள். அடுத்தவர் கதையைச் சொல்வதே அவர்கள் தொழில். இந்தப் பக்கம் கதை வெளியே போனதில் ஆஸ்திரேலியாவில் போலப் பதற்றம் எழாததற்கு இதுதான் காரணமோ என்று நினைக்கிறேன். இங்கே கேட்கும் கேள்வி, பாடியவனுக்குப் படி அளந்தார்களா என்பது.

மெழுகிய சுவர்கள். ஒரு திண்ணையில் பெரியவர் ஒருவர் பானாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாடுவாரா என்று கேட்டேன். எதிரே உட்காரச் சொன்னார். ஓட்டுநர் தம்பி காதில் சொன்னபடி, வாங்கிவந்த அரிசியைப் பணத்தோடு முதலில் அவர் முன் வைத்தேன். பதிவு செய்யலாமா என்றேன். செய்துகொள் மகளே என்றார். மூன்று நரம்பு, வில்லில் கட்டிய சின்னச் சலங்கைகள். கால் மணி நேரம் பாடினார். நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அரிசி வெச்சது யாரு வீட்டுப் பொண்ணு? அப்பா பேரு என்ன?"

ஓட்டுநர் தம்பி என் முகத்தைப் பார்த்தான். அப்பாவின் பெயரை அம்மா ஆயுசு முழுக்கச் சொன்னதில்லை. நான் இந்தப் பன்னிரண்டு மாதமாகச் சொல்லவில்லை. சொன்னேன். அவர் வாய்க்கு அது பிடிபடவில்லை. திரும்பக் கேட்டார், ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. வில்லை எடுத்து, அந்தப் பெயரிலிருந்து மறுபடி தொடங்கினார்.