கொழும்பு, வெள்ளவத்தை வளவு: மழைக்கால நாட்குறிப்பு

மே 18, 2024, சனி

பூசணிக் கொடியில் இன்று ஒரு பெண் பூ விரிந்திருந்தது. இதழுக்கு அடியில் சுண்டங்காய் அளவில் பிஞ்சு இருந்தால் பெண், வெறும் நீளக் காம்பு என்றால் ஆண். விடிய விரிவது வெயில் ஏறச் சுருங்கிவிடும் என்பதால் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினேன். ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டில் இருந்த மஞ்சள் தூளைப் பெண் பூவுக்குள் மெல்லத் தடவினேன். ஒரு தேனீகூட வராத ஒழுங்கையில் வேறு வழியில்லை. கடற்கரைப் பக்கம் தொடர்மாடிகள் எழும்ப எழும்ப, பழைய வளவுகளும் மாமரங்களும் போய்விட்டன. தேனீக்கள் எதை நம்பி வரும்?

பின்னேரம் மழை கொட்டியது. மகரந்தம் கரையாமல் இருக்க அந்தப் பூவை ஒரு வாழையிலைத் துண்டால் மூடி நூலால் கட்டிவிட்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

இரவு முழுக்க மழை. களனி கங்கைப் பக்கம் வெள்ளம். எங்கள் ஒழுங்கையில் கணுக்காலளவு நின்ற தண்ணீர் மத்தியானத்துக்குள் வடிந்துவிட்டது. கோழிக்கூட்டைக் கல் அடுக்கி உயர்த்தியிருந்ததால் அது தப்பியது. ஆனால் தென்மேற்குப் பருவமழை நேரே விழுவதில்லை, கடலில் இருந்து சாய்ந்து வரும். மேற்குப் பக்கம் தறப்பாள் கட்டியும் தூவானம் உள்ளே அடித்து, கீழே பரப்பிய மரத்தூள் ஊறிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"மேல நிண்டு பாக்காதை பிள்ளை, கோழி நிக்கிற உயரத்துக்குக் குனிஞ்சு மணந்து பார். உன்ரை கண் எரிஞ்சால் அதுகளுக்கும் எரியும்."

குனிந்து மூச்சை இழுத்தேன். கண் எரிந்தது. எச்சமும் ஈரமும் சேர்ந்தால் அமோனியா கிளம்பும், அதே ஈரத்தில்தான் இரத்தக்கழிச்சலும் பரவும். ஊறியதை எல்லாம் வாரிவிட்டுக் காய்ந்த மரத்தூளும் கொஞ்சம் உமியும் போட்டேன். வாரியதைக் கொட்டவில்லை, காய்ந்த மாவிலையோடு மாறி மாறி அடுக்கி மூலையில் குவித்திருக்கிறேன். பச்சைக் கோழி எருவை நேரே வைத்தால் வேர் கருகும். மூன்று மாதமாவது மக்க வேண்டும்.

நாலு பேடுகளும் புதுத் தூளைக் கண்டதும் காலால் கிளறிக் குழி பறித்து, சிறகை விரித்துப் படுத்துக்கொண்டன. அந்தத் தூசிக் குளியலைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரமும் நிற்கலாம்.

ஜூன் 23, ஞாயிறு

மழை குறைந்திருக்கிறது, காற்று குறையவில்லை. கத்தரி இலைகளின் ஓரம் பழுப்பாகிச் சுருண்டிருந்தது. புரட்டிப் பார்த்தேன், பூச்சியும் இல்லை, புள்ளியும் இல்லை. ஓர் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். உப்பு! ரயில் பாதைக்கு அப்பால் கடல், அலை உடையும் நீர்த்துளியைக் காற்று அள்ளிக்கொண்டு வருகிறது. கறிவேப்பிலையும் கொஞ்சம் வாடித்தான் நிற்கிறது. தென்னைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இனிக் காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். மேற்கு மதிலுக்கு மேல் பச்சை நிழல்வலையும் கட்டியாயிற்று.

2022 பொருளாதார நெருக்கடியில் கொழும்பில் எல்லோரும் தோட்டம் தொடங்கினார்கள். அரச ஊழியர்களுக்குப் பயிர் செய்வதற்கென்றே வெள்ளிக்கிழமை லீவும் கிடைத்தது. அப்போது வாங்கிய தொட்டிகள் இன்று பல பல்கனிகளில் வெறுமையாகக் கிடக்கின்றன. கேட்டால் சந்தோஷமாகத் தருகிறார்கள். பசளியும் பொன்னாங்காணியும் அவற்றில்தான் நிற்கின்றன.

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. அம்மா கூழ் காய்ச்சிய படம் அனுப்பி, "ஆடிப்பட்டம் தேடி விதை" என்றும் எழுதியிருந்தார். பழமொழி நல்லதுதான், ஆனால் அந்தந்த ஊர் மழைக்குத்தான் அது பொருந்தும். கொழும்பில் ஏப்ரல், மே ஒரு மழை, ஒக்டோபர், நவம்பர் இன்னொரு மழை. அதனால் பயித்தை விதையை ஒக்டோபர் மழைக்கென எடுத்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஒரே நாளில் இரண்டு.

காலையில் கறுத்தப் பேடு முதல் முட்டை இட்டது. சிறிய முட்டை, இளம் பழுப்பு, ஒரு முனையில் இரத்தக் கீறல். முதல் முட்டைகளில் அது வழமை. சேவல் இல்லாமல் எப்படி என்று பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா கேட்டார். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. விடியமுன் கூவி அயலை எழுப்பக் கூடாது என்றுதான் சேவல் வாங்கவில்லை. அந்த முட்டையை அவருக்கே கொடுத்தேன்.

மத்தியானம் ஒழுங்கை முழுக்க ஓர் இரைச்சல். மதிலில் பாழாய்க் கிடந்த பழைய மின்மானிப் பெட்டிக்குள் தேனீக்கள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன! எங்கிருந்தோ பிரிந்து வந்த குடி. மருந்து அடிக்கச் சொன்னவர்களைக் கெஞ்சிச் சமாளித்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

கொட்டாஞ்சேனையில் இருந்து தேனீ வளர்ப்புத் தெரிந்த ஐயா ஒருவர் வந்தார். பண்டாரவளைப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர், யூக்கலிப்டஸ் பூக்கும் காலத்தில் தேன் எடுத்துப் பழகியவர். பழைய மரப்பெட்டி ஒன்றையும் தூக்கி வந்தார்.

பொழுது சாயத்தான் வேலை தொடங்கியது. தேங்காய்த் தும்பைப் புகையவிட்டுக் கொஞ்சமாக ஊதினார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் புதுத் தேன்வதைகள், பால் போல வெள்ளை. கத்தியால் மேல் ஓரத்தை அறுத்து என் கையில் வைத்தார். வதை வெதுவெதுப்பாக இருந்தது. அறைகளின் அடியில் வெள்ளைக் கீறலாய் முட்டைகள், சிலவற்றில் சுருண்ட புழுக்கள். நசுங்காமல் சட்டத்துக்குள் வைத்து, நனைத்த வாழை நாரால் கட்டினோம். என் கை நடுங்கியது.

"அவசரப்படாதம்மா. ராணி உள்ள போயிட்டா மத்ததெல்லாம் தானா பின்னால போகும்."

ராணியைக் கண்டதும் குடியோடு சேர்த்துக் கையால் வழித்துப் பெட்டிக்குள் விட்டார். கொஞ்ச நேரத்தில் வாசலில் நின்ற தேனீக்கள் வாலை உயர்த்திச் சிறகடித்து மற்றவற்றைக் கூப்பிடத் தொடங்கின. நம் நாட்டுத் தேனீ இடம் பிடிக்காவிட்டால் வதையைக் கைவிட்டுக் கிளம்பிவிடும். அதனால் வேலைத் தேனீ மட்டும் நுழையும் இடுக்குள்ள தகட்டை வாசலில் பொருத்தினார். சில நாளில் கழற்ற வேண்டும். எறும்பு ஏறாமல் தாங்கியின் கால்கள் தண்ணீர்ச் சிரட்டைகளுக்குள் நிற்கின்றன.

ஐயா காசு வாங்கவில்லை. முட்டையும் பசளிக்கீரையும் கொடுத்துவிட்டேன்.

செப்டெம்பர் 8, ஞாயிறு

குடி தங்கிவிட்டது. ஐயா சொன்னபடி பொழுதுபட்டபின் சீனிப்பாகு வைத்தேன், இப்போது அதைத் தொடுவது குறைவு. தென்னை மாதம் ஒரு பாளையாவது விரிக்கும் என்பதால் இந்தக் கரையோரத்தில் மகரந்தத்துக்குப் பஞ்சமில்லை. இன்று விடிய ஒரு பூசணிப் பூவுக்குள் மூன்று தேனீக்கள், உடம்பெல்லாம் மஞ்சள். கை வைக்காமலே இரண்டு பிஞ்சு திரண்டிருக்கிறது. ஜூனில் குவித்த கோழி எருவும் மண் வாசத்துக்கு வந்து, அந்தக் கொடியின் தூருக்கே போயிருக்கிறது.

இந்த வருடம் தேன் எடுக்கப் போவதில்லை. மழைக்கு அவற்றுக்கே வேண்டும். ஒக்டோபர் இடிமழைக்கு முன் பெட்டியைத் தாழ்வாரத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். ஒரேயடியாகத் தூக்கி வைத்தால் வெளியே போனவை பழைய இடத்துக்கே திரும்பி வந்து தேடும். அதனால் நாளுக்கு ஓர் அடி மட்டும். இன்று பொழுதுபட்டதும் முதல் அடி நகர்த்தியாயிற்று.